வெற்றி மரத்தில் ஓர் இலை

ஒரு மனுஷிக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாகச் சொல்லி அவள் படத்தைச் சுவரில் ஒட்டலாமா என்ற கேள்வியோடு, போன வாரம் அக்காவை அந்த மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கணவன் வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டு போன பிறகு, மகளையும் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள் அக்கா. தம்பி அரசு வேலைவாய்ப்பு மையத்தில் ஆலோசகர். நாற்பதைத் தாண்டிய, படிப்பைப் பாதியில் விட்ட, சம்பளம் என்று எதையும் கையால் தொட்டறியாத பெண்களுக்கென்று அங்கே ஒரு பயிற்சித் திட்டம் இருந்தது. அந்த வகைக்கு ‘நலிவுற்ற வேலை நாடுநர்’ என்று பெயர். அதுவரை அக்கா நன்றாகத்தான் இருந்தாள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் நலிந்தாள்.

மையத்தின் ஆலோசகர்கள் சொந்தக்காரர்களைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது என்பது விதி. தம்பி உறவைச் சொல்லாமல் சேர்த்துவிட்டான். ஆகவே மையத்தின் வாசற்படியை மிதித்ததும் அக்கா பயனாளி ஆகிவிடுவாள், தம்பி சார் ஆகிவிடுவான். வீட்டில் “ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதேன்னு எத்தனை தடவடா சொல்றது” என்றவள், அரை மணி கழித்து அங்கே “குட்மார்னிங் சார்” என்பாள். அவனும் நிமிராமல் “வாங்க, உட்காருங்க” என்பான். அவன் போட்டிருக்கும் சட்டைக்கு இஸ்திரி போட்டதே அவள்தான்.

அவள் அந்த மரத்தடிக்கு வந்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டிலிருந்த எல்லோருக்கும் கவலை. காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்று.

அக்காவுக்கு அன்று ஒரு பெரிய கடையில் சோதனை நாள். மதியம் வரை வேலை பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் திங்கள் முதல் சம்பளம். தம்பிக்கு அன்று மாலை மையத்தில் விழா. தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வருகிறார். வந்து பார்த்துவிட்டு, யார் யாருடைய ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பது என்று சொல்லுவார். ஆம், தம்பியும் ஒப்பந்த ஊழியன்தான். ஊருக்கெல்லாம் வேலை தேடிக் கொடுப்பவனுக்குத் தன் வேலை இருக்கிறதா என்பது வருஷா வருஷம் யாராவது வந்து சொன்னால்தான் தெரியும்.

தம்பி மனைவி நல்லவள். வீட்டை விட்டுப் போ என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. தன் அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை, அடுத்த மாதம் இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். எந்த இடத்தில் படுக்க வைப்பது என்று அவளும் கேட்கவில்லை, யாரும் பதில் சொல்லவும் இல்லை. கூடத்தில் துணி அலமாரியைக் குறுக்கே போட்டு மறைத்த இடத்தில் அக்காவும் மகளும் படுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணி, சாயங்காலம் மேடையில நல்லா பேசிடுங்க,” என்றாள் அவள், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. “இவரு ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தாரு. வெற்றி மரத்துல உங்க இலையத்தான் பெருசா காட்டப் போறாங்களாம்.”

“முதல்ல வேலை கிடைக்கட்டும்மா.”

“கிடைச்சாச்சுன்னு தானே ஒட்டியிருக்காங்க?”

அக்கா டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பன்னிரண்டு வயதுக்காரி. ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு வந்திருந்தது.

“வேலை கிடைச்சா கதவு வச்ச ரூமா பாக்கலாம்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“தாழ்ப்பாளும் இருக்கணும்மா. உள் பக்கம்.”

இருக்கும் என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் அந்தக் கைகளை நம்பித்தான் இருந்தது.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மையத்தின் நுழைவாயில் சுவர் முழுக்க ஒட்டுப்பலகையில் அறுத்த மரம் ஒன்று நிற்கிறது. வெற்றி மரம். இயக்குநரின் சொந்தக் கற்பனை. தமக்குக் கற்பனை இருக்கிறது என்று அவருக்கு யாரோ எப்போதோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து மையத்துக்கு நிம்மதியில்லை. வேலை கிடைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சைக் காகித இலை. இலையில் அவர் படம், கீழே வேலை கொடுத்த இடத்தின் பெயர்.

மேலதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் இயக்குநர் மரத்தை எட்ட நின்று பார்த்தார். ஒரு பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. சோதனை நாளுக்குப் போகவிருப்பவர்களின் இலைகளையும் ஒட்டிவிடச் சொன்னார். இன்னும் வேலை உறுதியாகவில்லையே சார் என்று தம்பி இழுத்திருக்கிறான். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று இயக்குநர் அவன் தோளைத் தட்டியிருக்கிறார். தம்பி ஏணியை எடுத்துவந்து ஒட்டினான்.

இலை ஒட்டினால் பயிற்சியில் இடம் ரத்து, உதவித்தொகையும் ரத்து. வேலைக்குப் போனவளுக்குப் பயிற்சி எதற்கு? அவள் நாற்காலி திங்கட்கிழமை வேறொரு நலிவுற்றவருக்கு. இதில் ஒரு தவறும் இல்லை, வேலை கிடைத்திருந்தால்.

கிடைத்துவிடும் என்றுதான் அக்காவும் நம்பினாள். ஏனென்றால் பயிற்சிக் கடையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

மையத்தின் மாடியில் ஒரு கடை இருக்கிறது. சோப்பு அட்டை உண்டு, உள்ளே சோப்பு கிடையாது. பிஸ்கட் பெட்டி உண்டு, பிஸ்கட் கிடையாது. எண்ணெய் டப்பாவில் தண்ணீராவது ஊற்றலாம் என்று பயிற்சி ஆசிரியை சொல்லிப் பார்த்தாள். தரையில் சிந்தும் என்று இயக்குநர் மறுத்துவிட்டார். பில் போடும் மேஜையும், பீப் என்று கத்தும் கருவியும் மட்டும் நிஜம். பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள், பாதிப் பேர் வாடிக்கையாளர்கள். டீ குடித்துவிட்டு வந்து ஆள் மாற்றிக்கொள்வார்கள். காகித நோட்டைக் கொடுத்துக் காலி டப்பாவை வாங்கும் அந்த வியாபாரத்தில் இருந்த நேர்மை வெளியில் எந்தக் கடையிலும் கிடையாது.

ஒரே தொல்லை, சரக்கு குறைவு. நாலு பேர் வாங்கினால் அலமாரி காலி. அதனால் ஆசிரியை ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டுப் பையை மேஜையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்விட வேண்டும். கடைக்காரர் அந்தப் பையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் எடுத்த இடத்திலேயே, பெயர் முன்னால் தெரியும்படி அடுக்கிவிட வேண்டும். “வித்தாச்சா? அடுக்கு!” என்று அவள் கைதட்டுவாள். மாதக்கணக்கில் அந்தக் கைதட்டலைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர் கதவைத் தொடுவதற்குள் பையைக் காலி செய்துவிடும் அளவுக்கு அக்கா தேறியிருந்தாள். பக்கத்து மேஜையில் நிற்கும் டிரைவர், லாரி ஓட்டி ஓட்டி ஒரு காது போய் வேறொரு திட்டத்தில் பயிற்சிக்கு வந்தவர், அவளைப் பார்த்து “உன் கைக்கு கியர் போட்டிருக்கியா தாயி?” என்பார். வாழ்க்கையில் முதன்முறையாக அக்கா ஒரு விஷயத்தில் முதலாவதாக வந்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தை நாம் குறை சொல்ல முடியுமா?

நிஜக் கடையில் அவளை முதலில் திடுக்கிட வைத்தது கனம்.

சோப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மேல்தட்டில் வை என்றார் கடைக்காரம்மா. பயிற்சிக் கடையில் எடுப்பது போல ஒரு கையால் தூக்கினாள். பெட்டி அசையவில்லை, தோள்தான் வெடுக்கென்றது. உள்ளே சோப்பு இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு சோப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டாள்.

அதன் பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. கடைக்காரம்மா, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேஜையெல்லாம் கண்ணாடியைத் தேடுகிற ரகம். அதிகம் பேசவில்லை. அக்கா பில் போடுவதை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு வயசாளிக்குச் சில்லறையை உள்ளங்கையில் எண்ணி வைத்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சாயங்காலம் எங்கேயோ தனக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்களாம், அதற்குப் போக வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் இன்றே உட்கார்ந்து மற்ற விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்றார். மற்ற விஷயம் என்றால் சம்பளம். அக்காவுக்குக் காது சூடானது. கதவு வைத்த அறை ஒன்று கண் முன்னால் வந்து நின்றது. உள்பக்கம் தாழ்ப்பாளோடு.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். வீட்டில் விசேஷமோ என்னவோ, ஒரு வண்டிச் சாமான் வாங்கினார். அக்கா ஒவ்வொன்றாகப் பில் போட்டுப் பைகளில் நிரப்பினாள். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, காரைத் தெருமுனையில் நிறுத்தியிருக்கிறேன், கொண்டு வருகிறேன் என்று பைகளை மேஜையிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே போனார்.

வெறுங்கையோடு.

அக்கா ஒன்றும் யோசிக்கவில்லை. இதைப் பிறகு அவள் எத்தனையோ முறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். யோசித்திருந்தால் நடந்திருக்காது. கை பைக்குள் போனது. எண்ணெய் எண்ணெய் வரிசைக்கு, மாவு மாவு வரிசைக்கு, துணி சோப்பு கீழ்த்தட்டுக்கு. பெயரெல்லாம் முன்னால் தெரிந்தது. கார் வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தபோது அவள் கடைசிப் பையை நாலாக மடித்து மேஜைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் செய்துவிட்ட திருப்திகூட முகத்தில் இருந்தது.

கார்க்காரர் போட்ட சத்தத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. பணத்தையும் வாங்கிக்கொண்டு சாமானையும் உள்ளே வைத்துக்கொள்கிறீர்களா, எத்தனை நாளாக இந்தத் தொழில் நடக்கிறது என்பது அதன் சாரம். கடையில் இருந்தவர்களெல்லாம் தங்கள் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அக்கா ஓடி ஓடி ஒரு பொருள் விடாமல் மறுபடி எடுத்துவந்து நிரப்பினாள். அதிலும் அவள் வேகம்தான். அந்த வேகமே அவளுக்கு எதிரான சாட்சி ஆனது. “பழகின கைய்யா இது,” என்றார் கார்க்காரர்.

அவர் போன பிறகு கடைக்காரம்மா அவளைக் கிடங்குக்குள் கூட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“எங்கம்மா கத்துக்கிட்டே இதை?”

“பயிற்சியிலம்மா.”

“பயிற்சியிலயா?” கடைக்காரம்மாவுக்கு அது விளங்கவில்லை. அக்கா விளக்கிச் சொல்லப் பார்த்தாள். வாயால் சொல்லும்போது அது இன்னும் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. காலிப் பெட்டி, காகித நோட்டு, கைதட்டல்.

“நீ கெட்டவ இல்ல. அது தெரியுது,” என்றார் கடைக்காரம்மா கடைசியில். “ஆனா வெளிய போற சாமானை உள்ள இழுக்கிற கைய வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா கடை நடத்துறது? வீட்டுக்குப் போ.”

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. எந்த வீட்டுக்குப் போவது? பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வருகிற பேருந்தையெல்லாம் போகவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நடத்துநர் இரக்கப்பட்டு எங்கேம்மா போகணும் என்று கேட்டார். அதுதான் தெரியவில்லை என்பது வாய் வரை வந்தது.

மாலையில் மையத்துக்குப் போனாள். விழா களைகட்டியிருந்தது. வாசலில் இரண்டு பக்கமும் பலூன். மரத்தின் மேல் விளக்கு. அவள் இலை கண்ணுக்கு நேரான உயரத்தில் இருந்தது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்த அன்று தம்பிதான் கேமராவுக்குப் பின்னால் நின்று, சின்ன வயதில் செய்வது போல நாக்கைத் துருத்திச் சிரிக்க வைத்தான்.

தம்பி நாற்காலி வரிசைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தான். அவனை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினாள்.

“வேலை இல்லடா.”

“இங்க ‘டா’ போடாதேக்கா... என்னது?”

சொன்னாள். அவன் முதலில் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் சொல்லி முடித்ததும் அவன் கண்கள் மரத்துப் பக்கம் போய்விட்டு வந்தன. திங்கட்கிழமை பழையபடி வகுப்புக்கு வருகிறேன், மறுபடி கற்றுக்கொள்கிறேன், இலையை மட்டும் எடுத்துவிடு என்று அவள் கேட்டாள். முடியாது என்று அவன் தலையை ஆட்டினான். இலைக் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அவள் நாற்காலிக்கு ஆள் வந்தாகிவிட்டது. இன்று ஓர் இலையை எடுத்தால் மற்ற இலைகளையும் மேலதிகாரி தட்டிப் பார்ப்பார். பார்த்தால், ஏணியில் ஏறியவன் யார் என்று கேட்பார்.

“ரெண்டு நிமிஷம் சிரிச்சிட்டு நில்லு. அது போதும். அப்புறம் என்ன பண்றதுன்னு நான் பார்த்துக்கறேன்.”

“அப்புறம் எனக்கு என்னடா?”

கேட்டுவிட்டாள். ஆனால் இந்த ஓராண்டாக மூன்று வேளையும் அவள் தட்டில் சோறு போட்டவன் அவன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவன். விதியை மீறி அவளைச் சேர்த்தவன். “சரி, போ. சட்டைக் காலர் மடங்கியிருக்கு பாரு,” என்றாள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். பிடித்தார் என்றால் பிடித்துக்கொண்டார். உலகத்து மரங்களுக்கெல்லாம் இலையுதிர் காலம் உண்டு, இந்த மரத்துக்கு மட்டும் இல்லை என்றார். ஒவ்வொரு இலையும் ஒரு குடும்பத்தின் விளக்கு என்றார். இலை எப்படி விளக்காகும் என்று கேட்கும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை. மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் நிஜப் பிஸ்கட் வந்தது அன்றுதான்.

பிறகு, நம் மையத்தின் நம்பிக்கைக்குரிய கூட்டாளி, எத்தனையோ பேருக்கு வாழ்வளித்த தொழில்முனைவர் என்று இயக்குநர் யாரையோ மேடைக்கு அழைத்தார். நெற்றியில் கண்ணாடியோடு கடைக்காரம்மா ஏறி வந்தார்.

அக்கா முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். கடைக்காரம்மாவும் அவளைப் பார்த்துவிட்டார். கேடயத்தை வாங்கும்போதும் பார்வை அவள் மேலேயே இருந்தது. கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. கண்ணாடியைத் தேடும்போது பார்க்கிற பார்வை.

அடுத்தது நேரடிச் செயல்விளக்கம். எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். பயிற்சிக் கடையின் அலமாரிகள் துடைத்துப் பளபளத்தன. ஒரு மேஜையில் அக்கா, இன்னொரு மேஜையில் டிரைவர். விருந்தினர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஆளுக்குக் கொஞ்சம் காகித நோட்டு கொடுக்கப்பட்டது. மேலதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள்.

கடைக்காரம்மா நேராக அக்காவின் மேஜைக்கு வந்தார். சோப்பு, எண்ணெய், மாவு. அக்கா பில் போட்டாள். பீப், பீப். பையில் நிரப்பினாள். கடைக்காரம்மா காகித நோட்டைக் கொடுத்தார். பழக்கம் தெரியாததால் பைக்காகக் கையை நீட்டினார். மேஜையிலேயே வைத்துவிட்டு நகரும்படி ஆசிரியை காதருகே சொன்னாள். கடைக்காரம்மா விளங்காமல் நகர்ந்தார்.

“வித்தாச்சா? அடுக்கு!” ஆசிரியை கைதட்டினாள். இயக்குநர் மேலதிகாரியின் முழங்கையைத் தொட்டு, இப்போது பாருங்கள் சார் என்றார். இதுதான் அவர் காட்ட நினைத்த வித்தை.

அக்காவின் கை பைக்குள் போனது. சோப்பு அட்டையைத் தொட்டது. அங்கேயே நின்றது.

அவள் யாரையும் எதிர்த்து நிற்க நினைக்கவில்லை. சிரித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தம்பிக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. வாய் சிரித்துக்கொண்டும் இருந்தது. கைதான் வரவில்லை. பகலில் யோசிக்காமல் செய்த கை இப்போது யோசித்தது.

“அடுக்குங்கம்மா,” என்றார் இயக்குநர், பல்லைக் கடித்துச் சிரித்தபடி.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, அதைக் கடைக்காரம்மா கையில் கொடுத்தாள்.

“எடுத்துட்டுப் போங்கம்மா. நீங்க வாங்கினது.”

பக்கத்து மேஜையில் டிரைவருக்குச் சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ, நடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார். புது முறை போலும் என்று நினைத்துத் தம் மேஜையில் இருந்த பையைத் தூக்கி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டார். வரிசையில் நின்றவர்களுக்கும் அப்படியே கொடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலமாரிகள் காலியாகின. அந்தக் கடை தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக எல்லாம் விற்றுத் தீர்ந்தது. பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பை காலி டப்பாவோடு நின்றார்கள், எங்கே வைப்பதென்று தெரியாமல்.

கடைக்காரம்மா தம் பையை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். காற்றுப் போலிருந்தது. காலி அலமாரியைப் பார்த்தார். கைதட்டத் தூக்கிய கையை இறக்காமல் நின்ற ஆசிரியையைப் பார்த்தார்.

“ஓ,” என்றார் மெதுவாக. “இப்பல்ல விளங்குது.”

அவர் கெட்ட எண்ணத்தோடு அடுத்ததைச் சொல்லவில்லை. அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தார். இயக்குநரிடம், இந்தப் பொண்ணு இன்னிக்குப் பகல்ல என் கடையில இதைத்தான் செஞ்சா, காரணம் தெரியாம வீட்டுக்கு அனுப்பிட்டேனே, கீழே மரத்துல இவ படத்துக்குக் கீழ என் கடை பேரு போட்டிருக்கே, அது எப்படி என்று கேட்டார். வியாபாரம் செய்து பழகிய குரல். மாடி முழுக்கக் கேட்டது.

மேலதிகாரி பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார்.

இயக்குநர் ஒரு கணம்தான் தடுமாறினார். அப்படிப்பட்டவர்கள் மேலே வருவதே அதனால்தான். முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, மையம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பயனாளிகள் பாராட்டுக்காகவும் மேடைக்காகவும் பொய் சொல்லிவிடுகிறார்கள், வேலை கிடைத்துவிட்டது என்று இந்தப் பயனாளி ஆலோசகரை ஏமாற்றியிருக்கிறார், இப்படிப்பட்டவர்களுக்கு இனி எந்தத் திட்டத்திலும் இடம் கிடையாது என்று மேலதிகாரியைப் பார்த்துச் சொன்னார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே இவங்களோட ஆலோசகர்? சொல்லுங்க. வேலை கிடைச்சிருச்சுன்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா இல்லையா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தம்பியின் ஒப்பந்தம் நீளும். வீட்டு வாடகை நிற்காது. அக்காவுக்கு எந்த மையத்துக் கதவும் இனித் திறக்காது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது, அப்பா யார் உடைத்தது என்று கேட்கும்போது, அவள் தன் மோவாயைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டுவாள். என் பெயரைச் சொல்லிவிடு என்று அர்த்தம். அவனும் சொல்லிவிடுவான். ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அடி அவளுக்கு, இரவு முழுக்க அழுகை அவனுக்கு.

இப்போதும் மோவாயைத் தாழ்த்தினாள்.

தம்பி அதைப் பார்த்தான்.  காலர் இன்னும் மடங்கியேதான் இருந்தது.

“சார், இவங்க பயனாளி இல்ல,” என்றான்.

“பின்னே?”

“என் அக்கா. கூடப் பிறந்த அக்கா. இவங்க என்கிட்ட எந்தப் பொய்யும் சொல்லல.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கட்டடத்துக்குள் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை நாலு பேர் காதில் விழும்படி வந்ததே இல்லை. வந்த நாளில் அது அவன் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

மேலதிகாரி காலி டப்பாப் பையை மெதுவாகத் தரையில் வைத்தார். நிமிர்ந்து நின்றபோது அவர் எவ்வளவு உயரம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

“அப்போ வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே இலையை ஒட்டச் சொன்னது யாரு?”

 தம்பி திரும்பி இயக்குநரைப் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். கடைக்காரம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார்.

இயக்குநர், கற்பனை வளம் மிகுந்தவர், யோசித்துக்கொண்டிருந்தார்.

கீழே, ஆளில்லாத கூடத்தில் விழாவுக்காக வாடகைக்கு எடுத்த பெரிய விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் காற்றில் மரம் முழுக்கச் சலசலத்தது. ஓர் இலையும் விழவில்லை. அவ்வளவு நல்ல பசை.